தானே ஏறும் வெந்நீர்

தென்னாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ வடக்கே சென்று குடியேறினால், அந்நாடு அவருக்குப் புகட்டும் முதற் பாடங்களுள் வெந்நீரும் ஒன்று. நம் ஊர்களில் வெந்நீர் பெரும்பாலும் நாள் பார்த்து வருவது. தீபாவளி விடியற்காலை, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சல் தணிந்தவருக்குத் தலைக்கு ஊற்றும் நாள் என்று அதற்கு வேளைகள் உண்டு. கொல்லைப்புறத்து அடுப்பில் தென்னை மட்டையும் பாளையும் எரிய, செப்பு அண்டாவிலிருந்து செம்பு செம்பாக மொண்டு குளித்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். தில்லியிலோ சிம்லாவிலோ தை மாதத்து விடியற்காலையில் இந்த நாள் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. அங்கே வெந்நீர் அன்றாடத் தேவை.

புதிய ஊரில் அதற்கான கலங்களும் புதியனவாகவே கண்ணில் படுகின்றன. மகாராஷ்டிரத்து வீடுகளில் 'பம்ப்' என்று வழங்கும் செப்புக் கலம் ஒன்று உண்டு. இது நீர் இறைக்கும் பம்பு அன்று. நடுவே நெருப்புக் குழல் கொண்ட வெந்நீர்ப் பாத்திரம். இமாசலப் பிரதேசத்தில் புகைபோக்கியுடன் நிற்கும் தகர உருளை ஒன்றை 'ஹமாம்' என்பர். காஷ்மீரத்தில் ஓர் அறைக்கே ஹமாம் என்று பெயர். நமக்குச் சோப்பின் பெயராகவே அறிமுகமான இச்சொல், அரபு மொழியில் வெப்பமூட்டிய குளியலறையைக் குறிப்பது. சொல் ஒன்றே இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்றால், அது குறிக்கும் பொருளுக்கும் நீண்டதொரு சரித்திரம் இருக்க வேண்டும் அல்லவா?

மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் எட்டாத ஒரு மலைக்குடிலில், குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுமாறு செய்ய இயலுமா? இயலும் என்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. அச்சான்றுகளைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். நீரைச் சுடவைப்பது எக்காலத்திலும் பெரிய வித்தையாக இருந்ததில்லை. அந்த நீரை உயரத்திற்கு ஏற்றியது யார், அதற்கு வேண்டிய விறகைச் சுமந்தது யார் என்பவையே கடினமான கேள்விகள். அக்கேள்விகளுக்கு வெவ்வேறு காலத்து மக்கள் கண்ட விடைகளே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

நம் நாட்டில் வெந்நீர்க் குளியலறை பற்றிய மிகப் பழைய செய்திகள் பௌத்த நூல்களில் கிடைக்கின்றன. பாலி மொழியில் அமைந்த விநய பிடகம் 'ஜந்தாகரம்' என்னும் ஒரு கட்டடத்தைக் கூறுகிறது. சங்கத்துத் துறவிகள் நோயுற்றதைக் கண்ட மருத்துவன் ஜீவகன், அவர்கள் உலாவுவதற்கு ஒரு நடையும், வியர்த்துக் குளிப்பதற்கு ஒரு வெப்ப அறையும் வேண்டுமென்று புத்தரிடம் விண்ணப்பித்ததாகவும், அவர் அதற்கு இசைந்ததாகவும் அந்நூல் உரைக்கிறது. அவ்வறைக்கு அடுப்பும், புகை வெளியேறக் குழலும் இருந்தன. ஆயினும் அங்கே நீர் தானாக ஓடவில்லை. நீரைக் கொண்டுவருவதும் விறகு அடுக்குவதும் மூத்த துறவிகளுக்கு இளையோர் செய்யும் பணிவிடையாகவே இருந்தன.

வெந்நீரைக் குழாய் வழியே ஓடச் செய்த பெருமை ரோமானியரைச் சேரும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், தாம் இயற்றிய பத்துப் பகுதி நூலின் ஐந்தாம் பகுதியில் ஒரு பொதுக் குளியலகத்தின் உலை அமைப்பை விளக்குகிறார். உலையின் மேல் மூன்று வெண்கலக் கொப்பரைகள். ஒன்றில் சுடுநீர், அடுத்ததில் இளஞ்சூட்டு நீர், மூன்றாவதில் தண்ணீர். சுடுநீர்க் கொப்பரையிலிருந்து எவ்வளவு நீர் வெளியே செல்கிறதோ, அவ்வளவு இளஞ்சூட்டு நீர் அதனுள் புகும். அந்த இடத்தைத் தண்ணீர் வந்து நிரப்பும். இதனால் கொப்பரை ஒருபோதும் வற்றுவதில்லை. திடீரெனக் குளிர்ந்த நீர் புகுந்து சூடு குலைவதுமில்லை. இன்று நாம் பயன்படுத்தும் எல்லா வெந்நீர்க் கலங்களின் அடிப்படை விதியும் இதுவே: வெளியே போகும் சுடுநீரின் இடத்தை உள்ளே வரும் தண்ணீர் தானாக நிரப்ப வேண்டும். அதே உலையின் வெப்பக் காற்றைத் தரைக்கு அடியில் செலுத்தி, அறையையும் சுடவைத்தனர். தரை சிறுசிறு தூண்களின் மேல் நின்றது. இவ்வளவு அறிவோடு கட்டிய உலைக்கு விறகு தள்ளியவர்கள் அடிமைகள் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் இக்கலை அழியாமல் நிலைத்தது. அரபு மக்கள் அதை ஏற்று வளர்த்தனர். துருக்கரும் பாரசீகரும் அதற்கு மெருகு கொடுத்தனர். மத்திய ஆசியாவின் குளிரில் வளர்ந்த பாபர் 1526-ஆம் ஆண்டு பானிபட்டில் வென்று ஆக்ராவில் தங்கியபோது, இந்நாட்டில் தமக்கு இல்லாத குறைகளாகக் கண்டவற்றுள் ஹமாமும் ஒன்று என்று தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். யமுனைக் கரையில் அவர் அமைத்த தோட்டத்தில் குளியலகமும் எழுந்தது. இந்நாட்டின் வெயில், காற்று, புழுதி ஆகிய மூன்று தொல்லைகளுக்கும் அதுவே புகலிடம் என்பது அவர் கண்ட அனுபவம். குளிருக்கென்று பிறந்த கட்டடம் கோடைக்கும் நிழலானது இவ்வாறுதான்.

பாபருக்குப் பின் வந்தோர் ஹமாம்களை அழகும் நுட்பமும் உடையனவாகக் கட்டினர். அக்பரின் ஃபத்தேபூர் சிக்ரியில், ஆக்ராவில், லாகூரில் அவற்றை இன்றும் காணலாம். லாகூரில் 1635-இல் எழுந்த ஷாஹி ஹமாமை அண்மை ஆண்டுகளில் புதுப்பித்தபோது, தரையின் கீழ் வெப்பக் காற்று ஓடிய பாதைகள் வெளிப்பட்டன. தில்லிச் செங்கோட்டை 1639 முதல் 1648 வரை கட்டப்பட்டது. அங்கே திவானே காஸ் மண்டபத்திற்கு அருகில் மூன்று பகுதிகள் கொண்ட சலவைக்கல் ஹமாம் இருக்கிறது. தில்லியில் வாழும் நம்மவர் பலர் அதன் அருகே நடந்து சென்றிருப்பர். அந்தச் சலவைக்கல் தரையில் பதித்த பூ வேலைப்பாட்டைக் கண்டு வியப்பவர்கள், அதன் வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அரிது.

செங்கோட்டைக்கு நீர் யமுனையின் மேற்பகுதியிலிருந்து கால்வாய் வழியே இறங்கி வந்தது. ஷா புர்ஜ் என்னும் மூலைக் கோபுரத்தை ஒட்டி உள்ளே புகுந்து, அரண்மனைகளின் ஊடே ஓடிய அந்த வாய்க்காலுக்கு 'நஹரே பிஹிஷ்த்' என்று பெயர். பிஹிஷ்த் என்றால் சுவர்க்கம். மேட்டின் மேல் கட்டிய சிக்ரியிலோ இந்த வசதி கிடையாது. அங்கே பாரசீகச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, படிப்படியாக நீரை மேலே ஏற்றிக் கால்வாய்களில் விட்டனர். கோட்டைக்கு வெளியே தெருக்களிலும் வீடுகளிலும் நீர் கொடுத்தவர்கள் தோற்பையைத் தோளில் தொங்கவிட்டு நடந்த தண்ணீர்க்காரர்கள். ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளும் அந்தப் பைக்கு 'மஷக்' என்று பெயர். அதைச் சுமந்தவருக்கு 'பிஷ்டி' என்று பெயர். அப்பெயரும் பிஹிஷ்த் என்ற சுவர்க்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. மன்னருக்கு ஓடிய வாய்க்காலுக்கும் மக்களுக்குச் சுமந்த மனிதருக்கும் ஒரே சொல் அமைந்தது. வாய்க்காலின் நீரைச் சரிவு சுமந்தது. மற்றவர்களின் நீரை மனிதனின் முதுகு சுமந்தது.

விறகின் கதையும் இதைப் போன்றதே. ஷாஜஹானுக்குப் பின் செங்கோட்டை ஹமாம் மிகவும் அரிதாகவே பயன்பட்டது என்றும், அதைச் சூடேற்ற 125 மணங்கு விறகு வேண்டியிருந்தது என்றும் ஒரு வழிவழிச் செய்தி உண்டு. மணங்கு ஒன்றுக்குப் பிற்கால அளவின்படி 37 கிலோகிராம் என்று கொண்டால், அது நான்கரை டன்னுக்கும் மேலாகிறது. கணக்கு மிகைப்பட்டதாகவே இருந்தாலும், அதன் கருத்து தெளிவு. பேரரசின் பொக்கிஷம் மெலிந்ததும் பேரரசரின் வெந்நீரும் நின்றது. இவ்வளவு விறகைக் கேட்கும் கலை சாமானியர் வீட்டிற்கு வர வழியில்லை.

ஆயினும் வந்தது, மலைநாட்டு மக்கள் அதைச் சுருக்கித் தம் வீட்டிற்குக் கொண்டுவந்தனர். காஷ்மீரத்து ஹமாம் அரண்மனை ஹமாமின் எளிய தம்பி எனலாம். கற்பலகை பாவிய ஓர் அறை. அதன் அடியில் வெற்றிடம். அங்கே வெளியிலிருந்து விறகு இட்டு எரிப்பர். கல் மெல்லச் சூடேறி நெடுநேரம் சூட்டைக் காக்கும். நெருப்பின் மேல் பதித்த செப்புக் கொப்பரையிலிருந்து வெந்நீர் குழாய் வழியே வரும். ஒரே விறகு அறைக்கும் நீருக்கும் உதவுகிறது. ரோமானியரின் யுக்தி அளவிற் சிறிதாகி, பனிக்காலத்தில் ஒரு குடும்பம் கூடி அமரும் இடமாக மாறியிருக்கிறது. பள்ளிவாசல்களிலும் இவ்வகை ஹமாம்கள் உண்டு.

இமாசலத்துத் தகர ஹமாம் இன்னும் எளியது. இரட்டைச் சுவர் கொண்ட ஓர் உருளை. நடுக்குழலில் சுள்ளிகள் எரியும். சுற்றியுள்ள இடத்தில் நீர் நிற்கும். மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குச் சென்று தங்கும். மேல்மட்டத்துச் சுடுநீர் ஒரு செம்பு, மூக்கு வழியாக வெளியே வழியும். தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் எடுக்க முடியாது. ஆகவே கலம் வற்றி எரிந்துபோவதில்லை. புனல் திறந்தே இருப்பதால் ஆவி அடைபட்டு வெடிப்பதுமில்லை. விட்ருவியஸ் மூன்று கொப்பரை வைத்துச் சாதித்ததை ஓர் ஊர்த் தகரக் கொல்லர் ஒரே உருளையில் சாதித்துவிடுகிறார். ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது. ஒவ்வொரு செம்பு வெந்நீருக்கும் ஒரு கை செம்பு தூக்கியாக வேண்டும்.

அந்தக் கைக்கும் ஓய்வு கொடுத்தது இயற்கையின் ஒரு சிறு இயல்பு. நீர் சூடானால் விரிகிறது, விரிந்தால் இலேசாகிறது. 20 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒரு லிட்டர் நீர் 998 கிராம் எடை இருக்கும். அதையே 60 டிகிரிக்குச் சூடேற்றினால், அதே ஒரு லிட்டர் 983 கிராம்தான் இருக்கும். வேறுபாடு 15 கிராம். ஒரு கைப்பிடி கடலை அளவுகூட இல்லாத இந்த எடைக் குறைவினால் சுடுநீர் மேலே எழுகிறது. கனத்த தண்ணீர் கீழே இறங்குகிறது. பால் காய்ச்சும் எவரும் இதைக் கண்டிருப்பர். திரவங்களில் வெப்பம் இவ்வாறு ஓட்டத்தின் மூலம் பரவுவதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு சோதனைகளால் விளக்கினார்.

இந்த இயல்பைக் குழாயில் அடைத்ததே அடுத்த படி. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சமையலடுப்பின் பின்புறத்தில் ஓர் இரும்புப் பெட்டியையோ குழாய்ச் சுருளையோ பதித்து, அதை மேலேயுள்ள தொட்டியோடு இரு குழாய்களால் இணைத்தனர். அடுப்பு எரிந்தால் சுருளிலுள்ள நீர் இலேசாகி மேற்குழாய் வழியே தொட்டியின் தலைப்பகுதிக்கு ஏறும். தொட்டியின் அடியிலுள்ள தண்ணீர் கீழ்க்குழாய் வழியே சுருளுக்கு இறங்கும். சோறு வெந்து முடிவதற்குள் தொட்டி முழுவதும் வெந்நீராகிவிடும். யந்திரம் இல்லை, இறைப்பவர் இல்லை, அடுப்புக்கென்று எரித்த விறகே குளியலுக்கும் போதும்.

இதில் அடங்கிய விதிகள் சிலவே. ஆனால் அவை விட்டுக்கொடுக்காதவை. ஒரு மீட்டர் உயரக் குழாயில் அந்தப் 15 கிராம் வேறுபாடு தரும் விசை, ஒன்றரை சென்டிமீட்டர் நீர்மட்டத்திற்குத்தான் சமம். அவ்வளவு மெல்லிய விசையை நம்பி ஓடும் நீருக்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். ஏறும் குழாய் எங்கும் பள்ளம் விழாமல் ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். இடையில் ஒரு வளைவு தாழ்ந்து காற்றுக் குமிழி தங்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். தொட்டி அடுப்புக்கு மேலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆவி வெளியேற எப்பொழுதும் திறந்த ஒரு குழாய் வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் அதிகமான இடம் கேட்கும். பனியில் குழாய் உறைந்துபோன நிலையிலோ, வழியிலுள்ள அடைப்பான் மூடியிருக்கையிலோ அடுப்பை மூட்டியதனால், சமையலறையே சிதறிய விபத்துகள் அந்நாடுகளில் நேர்ந்தன. விதியை மறந்தவர்களுக்கு வெந்நீர் வெடிமருந்தானது.

நகரங்களில் வேறொரு கிளையும் தழைத்தது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்னும் வண்ணப்பூச்சுக்காரர், வாயுச் சுடரால் ஓடும் நீரை உடனுக்குடன் சூடேற்றும் கருவி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்துத் தீவில் பீறிடும் 'கெய்ஸிர்' என்ற வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குப் 'கீசர்' என்று பெயரிட்டார். வட இந்திய வீடுகளில் இன்று மின்சாரக் கலத்தைக் கீசர் என்று அழைக்கும் வழக்கம் அந்த ஊற்றிலிருந்து வந்ததே. ஆனால் இக்கிளை வாயுக்குழாயோ மின்கம்பியோ உள்ள ஊருக்கே உரியது. அவை எட்டாத இடத்தாருக்கு அடுப்பும் தொட்டியுமே துணை நின்றன; அத்துணையோடு சூரியனும் சேர்ந்த கதையை இனிக் காண்போம்.

அமெரிக்க நாட்டுப்புறங்களில் உழவர்கள் கறுப்பு வர்ணம் பூசிய தகரத் தொட்டிகளை வெயிலில் வைத்து, மாலையில் அந்நீரில் குளித்து வந்தனர். மாலையில் சூடு, இரவில் ஆறிவிடும். 1891-இல் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் அத்தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து உரிமைப் பட்டயம் பெற்றார். கண்ணாடிப் பெட்டி வெயிலின் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் என்பதைச் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஸோசூர் 1767-இலேயே காட்டியிருந்தார். 'கிளைமாக்ஸ்' என்று பெயரிட்ட கெம்பின் பெட்டி, வெயில் மிகுந்தும் நிலக்கரி விலை ஏறியும் இருந்த கலிஃபோர்னியாவில் விரைவாகப் பரவியது. 1897-க்குள் பசடேனா நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் அது இருந்தது.

இரவில் ஆறிவிடும் குறை நீங்கவில்லை. 1909-இல் வில்லியம் பெய்லி என்பவர் அதற்கும் வழி கண்டார். சூடேற்றும் பகுதியை வேறாகவும் சேமிக்கும் தொட்டியை வேறாகவும் பிரித்தார். கூரையில் கண்ணாடிக்கு அடியில் கறுத்த செப்புத் தகட்டோடு இணைந்த குழாய்கள். அதற்கு மேலே, குளிர் புகாமல் பொதிந்த தொட்டி. அடுப்பின் பின்புறத்துச் சுருள் செய்த வேலையை இப்போது வெயில் படும் குழாய்கள் செய்தன. இலேசான சுடுநீர் தானே ஏறித் தொட்டியில் தங்கியது. இரவு முழுவதும், மறுநாள் காலையிலும் சூடு இருந்தது. அதனால் அவர் அதற்கு 'பகலும் இரவும்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1913-இல் கலிஃபோர்னியாவைத் தாக்கிய கடுங்குளிரில் கூரைக் குழாய்களில் நீர் உறைந்து செம்பு பிளந்தது. பெய்லி மனம் தளராமல், கூரைக் குழாய்களில் உறையாத சாராயக் கலவையை ஓட விட்டு, அது தொட்டிக்குள் ஒரு சுருள் வழியே சென்று நீரைச் சுடவைக்குமாறு மாற்றினார்.

இத்தனை சிறப்பிருந்தும் இக்கலை அந்நாட்டில் நிலைக்கவில்லை. 1920-களில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மலிவான எரிவாயு கிடைத்ததும் கலிஃபோர்னியர் சூரியனைக் கைவிட்டனர். ஃபுளோரிடாவில் அது மறுபடியும் தழைத்து, 1941-இல் மயாமி நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டோர் வெயிலில் காய்ந்த நீரையே பயன்படுத்தினர். போர்க்காலத்தில் செம்புக்குக் கட்டுப்பாடு வந்தது. போருக்குப் பின் மின்சாரம் மலிந்தது. தொட்டிகள் கூரைமேல் துருப்பிடித்தன. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் மெல்ல மறைந்தனர். கருவி தோற்கவில்லை, மலிவான எரிபொருள் வந்ததனால் மக்கள் அதை மறந்தனர். அத்தகைய மறதிக்குப் பின்னர்க் கொடுக்க நேரும் விலை பெரிது என்பதை 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகுக்கு உணர்த்தியது.

நம் நாட்டில் இந்த மரபு இப்போது மறுபடியும் கூரைகளில் ஏறி நிற்கிறது. கர்நாடக அரசு 2007-இல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலத்தைக் கட்டாயமாக்கியது. 2010-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம், 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெப்பச் சேகரிப்பான்கள் என்று இலக்கு வகுத்தது. பெங்களூரில் வாழும் நேயர்கள் தம் மாடியிலோ பக்கத்து மாடியிலோ சாய்ந்த கண்ணாடிப் பலகையையும் அதன் தலைமாட்டில் கிடக்கும் உருளைத் தொட்டியையும் நாள்தோறும் காண்கின்றனர். தொட்டி ஏன் மேலே இருக்கிறது, பலகை ஏன் கீழே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தப் 15 கிராம்தான். பலகைக்குப் பதில் கண்ணாடிக் குழல்கள் வந்துள்ள புதிய கலங்களிலும் விதி மாறவில்லை.

இனி அந்த மலைக்குடிலுக்குத் திரும்புவோம். மூவர் குளிக்க நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று கொள்வோம். 15 டிகிரியில் உள்ள நீரை 45 டிகிரிக்கு உயர்த்த 3,000 கிலோகலோரி வெப்பம் தேவை. உலர்ந்த விறகு கிலோ ஒன்றுக்கு 3,500 முதல் 4,000 கிலோகலோரி தரும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே நீரைச் சேர்கிறது என்றால் 8 கிலோ விறகு வேண்டும். மூடிய அடுப்பில் சுருள் வைத்து மூன்றில் ஒரு பங்கு சேருமாறு செய்தால் இரண்டரைக் கிலோ போதும். மாதத்திற்கு 240 கிலோ எங்கே, 75 கிலோ எங்கே! இந்த வேறுபாடு ஒரு பெண்ணின் தலைச்சுமையில் தெரிவது. மலைச்சரிவுகளில் விறகு பொறுக்குவதும், சுனையிலிருந்து குடம் சுமப்பதும் இன்றும் பெரும்பாலும் பெண்களின் பங்காகவே இருக்கின்றன. வெயில் உள்ள நாட்களில் 2 சதுர மீட்டர்ப் பலகை ஒன்று அந்த 100 லிட்டரைத் தானே சுடவைத்துவிடும். அன்று விறகே வேண்டா.

ஏற்பாட்டின் முறையும் எளிதே. வீட்டிற்கு மேலே சுனை இருந்தால், குழாய் போட்டால் நீர் தானே இறங்கி வரும். ஓடை கீழே இருந்தாலும் வழி உண்டு. பலூனை உலகுக்குத் தந்த ஜோசப் மாங்கோல்பியே 1796-இல் 'ஹைட்ராலிக் ராம்' என்னும் கருவியைச் செய்தார். விழும் நீரின் மோதல் விசையாலேயே அந்நீரில் ஒரு பங்கை உயரத்திற்குத் தள்ளும் அதற்கு எண்ணெயும் மின்சாரமும் வேண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே பொதிந்த வெந்நீர்த் தொட்டி. அதற்கும் கீழே அடுப்புச் சுருளும் வெயிற் பலகையும். தண்ணீர் வெந்நீர்த் தொட்டியின் அடியில் புக வேண்டும்; குளியலுக்கு நீர் அதன் தலையிலிருந்து புறப்பட வேண்டும். ஆவிக்குழாய் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்திற்கு மேலே எழுந்து திறந்திருக்க வேண்டும். பனி உறையும் ஊரானால் பலகைக்கு மட்டும் பெய்லியின் பாடத்தைக் கடைப்பிடித்து, உறையாத திரவத்தை ஓடவிட வேண்டும். இவ்வளவே. ரோமானியரின் நிரப்பும் முறை, காஷ்மீரத்தாரின் சிக்கனம், இமாசலத்துத் தகரக் கொல்லரின் திறந்த வாய், கலிஃபோர்னியரின் கண்ணாடி ஆகியவை அனைத்தும் ஒரு சிறு குடிலில் ஒன்றுகூடுகின்றன.

அரண்மனை ஹமாமில் ஒருவர் குளிக்கப் பலர் சுமந்தனர். அந்தச் சுமையை வாய்க்காலும் சக்கரமும் சிறிது குறைத்தன. பின்னர்ச் சுடுநீரே தன்னைத் தான் தூக்கிக்கொள்ளக் கற்பித்தபோது பெரிதும் குறைந்தது. எனினும் முற்றும் நீங்கிவிடவில்லை. நாம் வாழும் நகரங்களிலேயே மாடியில் தொட்டி உள்ள வீட்டிற்கு அடுத்த தெருவில், தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து கரியடுப்பில் காய்ச்சும் வீடுகளும் இருக்கின்றன. வடநாட்டுக் குளிர் காலையில் குழாயைத் திருகி, கையில் முதற் சூடு படும் அந்த நொடியில், இந்நீரை எனக்காக யார் சுமந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். யாரும் சுமக்கவில்லை, அது தானே ஏறி வந்தது என்ற விடை எல்லா வீட்டிற்கும் கிடைக்கும்போதுதான் இந்த இரண்டாயிரம் ஆண்டு முயற்சி நிறைவு பெறும்.